தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்

கிராமப்புறங்களில் 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளின் ஊட்டக்குறையைப் போக்க, உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு அரசு 1980இல் தொடங்கிய திட்டம். மாதந்தோறும் எடை பார்ப்பது, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கொஞ்ச காலம் உணவு தருவது, இந்த வேலையை அதே ஊர்ப் பெண்ணிடம் ஒப்படைப்பது என்பவை இதன் அடிப்படைகள். சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி உள்ளிட்ட ஒன்றியங்களின் பால்வாடிகளில் இன்று மாதாமாதம் நடக்கும் எடை பார்ப்புக்கு இதுவே முன்னோடி எனலாம்.

முன்வரலாறு

1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவும், 1956இல் காமராசர் தொடங்கியதும் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை. அமெரிக்க உதவியுடன் நடந்து 1973இல் அறிக்கையான தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு, பள்ளி வயதுக்கு வெகுமுன்பே, தாய்ப்பாலோடு இணை உணவு சேர வேண்டிய பருவத்திலேயே குழந்தை மெலியத் தொடங்குவதைக் கவனப்படுத்தியது.

கொட்டாம்பட்டியும் முதல் கட்டமும் (1980–1989)

மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோட்டம் நடந்தது. பின்னர் ஆறு மாவட்டங்களின் 173 ஒன்றியங்களுக்குத் திட்டம் விரிந்தது, கடன் 3.2 கோடி டாலர். மையங்கள் சுமார் 9,000.

ஏறத்தாழ 1,500 பேருக்கு ஒரு சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர் அமர்த்தப்பட்டார். அவரைத் தேர்ந்தெடுத்த முறை தனித்துக் குறிப்பிடத்தக்கது. உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். வசதி குறைந்த வீட்டவராக இருந்தும் தம் பிள்ளைகளை நோஞ்சானாக விடாமல் வளர்த்தவராக இருந்தால் முன்னுரிமை. இருக்கிற கையிருப்பிலேயே பிள்ளை வளர்க்க முடியும் என்று அவர் சொன்னால் எந்தத் தாயும் அதை வெளியார் உபதேசமாக ஒதுக்க முடியாது. திட்டத்தின் மற்ற எல்லா ஏற்பாடுகளையும்விட இந்த ஒரு விதியே அதன் தன்மையைச் சரியாகக் காட்டுகிறது.

மாதம் ஒருமுறை குழந்தையைத் தொங்கு தராசில் இட்டு, எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாகக் குறித்தார்கள். இத்தகைய அட்டையை நைஜீரியக் கிராமங்களில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் டேவிட் மார்லி முன்பே பரப்பியிருந்தார். எழுத்தறியாத தாயும் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதைத் தானே பார்த்துக்கொள்ளலாம். கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் குழந்தையின் தேக்கமும் இதில் வெளிப்பட்டுவிடும்.

கடுமையாக மெலிந்த குழந்தைக்கு உடனேயும், மற்றவர்களுக்கு அடுத்தடுத்த மாதங்களில் எடை ஏறாவிட்டாலும், தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டை 90 நாள் தரப்பட்டது. வீட்டுச் சாப்பாட்டுக்கு அது மாற்றாகிவிடக் கூடாது என்பதால் காலையிலேயே கொடுத்தார்கள். மருந்தைப் போல அளவோடும் கெடுவோடும் தரப்படுவது என்றே தாய்மாருக்குச் சொல்லப்பட்டது. எடை போதிய அளவு கூடினால் குழந்தை பட்டியலிலிருந்து விடுவிக்கப்படும். கூடாவிட்டால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்படும். சில ஊர்களில் மகளிர் குழுக்களே இணை உணவு மாவை அரைத்துத் தந்தன.

விளைவு பற்றிய கருத்துகள்

கடும் ஊட்டக்குறை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக உலக வங்கி மதிப்பீடுகள் கூறுகின்றன. ஆனால் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதலே குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டதால், இரண்டின் பயனையும் பிரித்தறிவது கடினம் என்பாரும் உளர். கடுமையான நிலையிலிருந்து மீண்ட குழந்தைகள் பலர் நடுத்தர ஊட்டக்குறையிலேயே தங்கிவிட்டனர் என்பதைப் பொதுவாக ஒப்புக்கொள்கின்றனர்.

இரண்டாம் கட்டம் 1990களில் நடந்து, பின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகளோடு இணைந்தது.

சேலம், நாமக்கல் சமவெளி

முதல் கட்ட மாவட்டங்களில் சேலம் இடம்பெறவில்லை. பச்சைமலையை ஒட்டிய கெங்கவல்லி வட்டாரம் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் பூமி. இங்கே குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியும் அதிலிருந்து வரும் ஜவ்வரிசியும் வயிற்றை நிரப்பும். புரதம் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டும் முட்டை, 1997 வரை சேலத்தோடு இருந்த நாமக்கல்லிலிருந்தே மாநிலம் முழுவதும் போகிறது. 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாகச் சத்துணவில் சேர்ந்த முட்டை, 2010இல் பள்ளி நாள்தோறும் ஒன்றானது. பால்வாடியில் இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு வாரம் மூன்று. கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் கலந்த சத்துமாவு சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வீட்டுக்கே தரப்படுகிறது.

அண்மை நிலை

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25.0% பேர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 14.6% பேர் உயரத்துக்கேற்ற எடையின்றியும் இருந்தனர். 2022இல் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் தொடங்கியது. இதன் இரண்டாம் கட்டம் 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்டது.