ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட்?

ராஜபாளையத்து நூற்பாலைகளில் மேலாளர் மேசைக்கு வரும் அறிக்கையில் தவறாமல் இருக்கும் ஓர் எண் உண்டு. ஒரு கிலோ நூல் நூற்க எத்தனை யூனிட் கரண்ட் செலவானது என்பதே அது. மில்காரர்கள் அதை 'யூ.கே.ஜி.' என்பார்கள். பஞ்சு விலையைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிற செலவுகளில் கூலியும் மின்சாரமும்தான் முன்னால் நிற்பவை. அந்த எண் கொஞ்சம் ஏறினாலும் மாதக் கடைசியில் லாபம் கரைந்திருக்கும்.

எரிசக்திப் பொருளியலின் கதையை 1865இல் இங்கிலாந்தின் நிலக்கரி தீர்ந்துபோவது பற்றி ஜெவன்ஸ் எழுதிய நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். 1973இன் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய பிறகு, 1977இல் இத்துறைக்கென ஒரு சர்வதேச சங்கம் உருவானது. ஆண்டு மாநாடுகளும் கட்டுரை வாசிப்புகளும் பெருகின. ஆனால் மின்சாரத்தின் விலையையும் வரத்தையும் வைத்துத் தொழிலைக் கணக்கிடும் பழக்கம் சஞ்சீவி மலையடிவாரத்து ராஜபாளையத்துக்கு அந்தச் சங்கத்துக்கும் முந்தியது.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா பங்கு திரட்டி ராஜபாளையம் மில்லை நிறுவியது 1936இல். மூன்றே ஆண்டுகளில், 1939இல், ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில் வந்தது. சுற்றிலும் கரிசல் காடு, பருத்திக்குக் குறைவில்லை. எந்திரத்தைச் சுழற்றும் விசைதான் பெரிய கேள்வி. 1932இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவையில் ஆலைகள் பெருகியதைத் தொழில் முனைவோர் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1937இல் மேட்டூரும், 1944இல் தாமிரபரணியின் பாபநாசமும் அந்த வரிசையில் சேர்ந்தன. தென்மாவட்டத் தொழில்கள் அருவித் தண்ணீரை நம்பி வளர்ந்தன. மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்க்கும் என்பதையும் அப்போதே கற்றுக்கொண்டன.

ஒவ்வொரு மில்லும் தன் கணக்கைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் அதனால் பிறருக்குப் பயனில்லை. அந்தப் பூட்டைத் திறந்தது 1956இல் கோவையில் பிறந்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா. பல மில்களின் புள்ளிவிவரங்களை வாங்கி, மில்லின் பெயர் வெளியே தெரியாமல் ஒப்பிட்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று அது காட்டியது. அகமதாபாத்தின் அடிரா, மும்பையின் பிட்ரா ஆகிய ஆராய்ச்சிச் சங்கங்களோடு சேர்ந்து நடத்திய கூட்டுத் தொழில்நுட்ப மாநாடுகளில் இத்தகைய ஆய்வுகள் கட்டுரைகளாக வாசிக்கப்பட்டன. மில் தரையிலிருந்து வந்தவர்களும் ஆராய்ச்சியாளர்களும் அங்கே ஒரே அரங்கில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள்.

ஒப்பிடுவது அத்தனை எளிதல்ல. நம்பர் கூடி நூல் மெல்லியதாக ஆக முறுக்கு கூடும். ஒரு கதிர் ஒரு ஷிப்டில் தரும் எடை குறையும். ஆகவே கிலோவுக்கான யூனிட் ஏறும். இருபதாம் நம்பர் நூற்கும் மில்லையும் எண்பதாம் நம்பர் நூற்கும் மில்லையும் அப்படியே அருகருகே வைத்தால் மெல்லிய நூல்காரருக்கு அநியாயம். அதனால் எல்லாவற்றையும் நாற்பதாம் நம்பருக்குச் சமமாக மாற்றி எண்ணும் முறையை சிட்ரா கையாண்டது. ஒரு நூற்பாலையின் மின்செலவில் ஏறத்தாழ பாதியை ரிங் பிரேம்களே விழுங்குகின்றன. காற்றில் ஈரப்பதம் காக்கும் எந்திரங்களுக்கும் கணிசமான பங்கு போகிறது. எங்கே இழப்பு என்று இப்படித் தெரிந்த பிறகுதான் எடை குறைந்த விசிறிகளையும் திறன் மிக்க மோட்டார்களையும் எங்கே பொருத்துவது என்று முடிவெடுக்க முடிந்தது.

அடுத்த அத்தியாயத்தை எழுதியது காற்று. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் முன்மாதிரிக் காற்றாலைகள் சுழன்றன. 1990களில் வரிச்சலுகை கிடைத்ததும் நூற்பாலை முதலாளிகள் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் காற்று வீசும் நிலங்களைத் தேடிப் போனார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் விளைந்த மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிகள் வழியே மில்லுக்கு வந்தது. மிஞ்சிய யூனிட்களை வாரியத்திடம் வரவு வைத்து, காற்று ஓய்ந்த மாதங்களில் திரும்ப எடுக்கும் 'பேங்கிங்' முறை அவர்களுக்கு உயிர்நாடியானது. 2008 இறுதியில் உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீதம் வரை மின்வெட்டு வந்தபோது, சொந்தக் காற்றாலை வைத்திருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான தூரம் ஊருக்கே விளங்கியது.

இந்தக் கணக்குகள் பொதுவெளியில் வாதமாக மாறுவது மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டங்களில். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் அவை நடந்தன. உயரழுத்த இணைப்புக்கான கேட்புக் கட்டணம் கிலோவோல்ட் ஆம்பியருக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ஆக உயரவிருந்த நேரம் அது. எதிர்த்துப் பேசிய ஆலைத் தரப்பின் கையில் இருந்ததும் அதே யூனிட் கணக்குதான்.

மில்லுக்குச் சங்கம் இருக்கிறது, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்காரருக்கு அப்படி யார் கணக்கெழுதுகிறார்கள்? இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 1,000 ஆனது. அந்தச் சலுகை கூலிக்கு நெய்பவரிடம் எவ்வளவு தங்குகிறது, துணி வாங்குபவரிடம் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது நல்ல ஆய்வுக்குரிய கேள்வி.

அதைக் கேட்கும் இடம் தொலைவில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையில், கிருஷ்ணன்கோவிலில், 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பொறியியலும் உகப்பாக்க வழிமுறைகளும் பேசப்பட்ட சர்வதேச மாநாடுகள் 2017இலும் 2019இலும் அங்கே நடந்தன. அந்த வளாகத்து ஆய்வு மாணவர்கள் அடுத்த கட்டுரைக்கான தரவைத் தேடும்போது, ஒருமுறை சத்திரப்பட்டிக்குப் பஸ் ஏறட்டும். தறிக்காரர்களின் மின்கட்டண அட்டையை வாங்கிப் பார்த்து, கண்டதை மாநாட்டு மேடையில் அவர்களும் கேட்கும்படி தமிழில் வாசிக்கட்டும்.