மராமத்தும் மேற்கட்டும்: கடலூர், சிதம்பரம் பழைய வீடுகள் சட்டத்துக்குள் வந்த வரலாறு

1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து கடலூர் 1866இலும், சிதம்பரம் 1873இலும் நகராட்சிகளாயின. நகராட்சி வருவதற்கு முன்பே இரு ஊர்களின் தெருக்களும் வீடுகளால் நிறைந்திருந்தன. ஆகவே கட்டட விதி என்பது இங்கே வெற்று மனையில் புதுவீடு எழுப்புவோருக்குரிய ஒழுங்காக மட்டும் அமையாமல், நின்றுகொண்டிருக்கும் வீட்டை உரிமையாளர் எதுவரை தொடலாம், எங்கே தொட்டால் நகர்மன்றத்திடம் மனுக் கொடுக்க வேண்டும் என்ற எல்லைத் தகராறாகவே பெரிதும் வளர்ந்தது.

அந்த வீடுகளின் அமைப்பை அறியாமல் தகராறு விளங்காது. சிதம்பரத்தில் நடராசர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தேர் வீதிகளிலும் சன்னதித் தெருக்களிலும் வீடுகள் முகப்பில் ஒடுங்கி, உள்ளே நீண்டு, திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்பவை. அடுத்தடுத்த வீடுகளுக்கு இடைச்சுவர் பெரும்பாலும் பொதுச்சுவரே. கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த வணிகர்களின் வீடுகளும் ஏறக்குறைய இவ்வமைப்பையே கொண்டிருந்தன. கடலூரின் மஞ்சக்குப்பத்தில் ஆங்கிலேய அலுவலர்களின் தோட்ட பங்களாக்கள் மனை நடுவே தனித்து நின்றன. கடலோரக் குப்பங்களிலோ கூரை வீடுகளே இருந்தன. வசதியுள்ளோர் வீடுகளில் ஓட்டுக்கு மாற்றாக மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மச்சுத்தளம் அமைந்தது: சுவர்மேல் உத்திரமும், அதன்மேல் நெருக்கமாக மரக்கட்டைகளும் அடுக்கி, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக நிறுத்தி, ஒரு மூலையிலிருந்து சாய்வரிசையாகப் பரப்பி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கடுக்காய் நீர் தெளித்துக் கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்தி, இறுதியில் தட்டோடு பதிப்பது அதன் முறையாகும்.

இவ்வீடுகளுக்கு நெடுங்காலம் பொருந்தி நின்ற சட்டம் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். கட்டுவதற்கும் மீளக் கட்டுவதற்கும் விதித்த நிபந்தனைகள் அனைத்தையும் மாற்றம் செய்வதற்கும் கூடுதலாகக் கட்டுவதற்கும் நீட்டிய அச்சட்டம், கட்டடத்தின் அல்லது அதிலுள்ள எந்த அறையின் இடத்தையும் அளவையும் பாதிக்காத அவசியப் பழுதுபார்ப்பை மட்டும் அதிலிருந்து விலக்கியது. உளுத்த உத்திரத்தை மாற்றலாம், ஓடு பிரித்து மேயலாம், உதிர்ந்த காரையைப் பூசலாம். ஆனால் தாழ்வாரத்தை ஒரு முழம் நீட்டி அறையாக்கினால் அது மராமத்து அன்று. இந்த விலக்கைச் சாக்காக வைத்துச் சுவர் சுவராக முழு வீட்டையும் புதுக்கிவிடுவார்கள் என்பதை வரைந்தவர்கள் முன்கூட்டியே கணித்திருந்தனர் போலும். கட்டடத்தின் கன அளவில் பாதிக்கு மேல் இடிக்கப்பட்டோ, எரிந்தோ, விழுந்தோ போனபின் எடுத்துக் கட்டுவதை மீள்கட்டுமானம் என்று வரையறுத்தபோது, அந்தப் பாதி ஒரே சமயத்தில் போயிருந்தாலும் பல தவணைகளில் போயிருந்தாலும் ஒன்றே என்று அவர்கள் சேர்த்து எழுதினர்.

அதே வரையறையின் மற்றொரு பகுதி குடும்பங்களுக்குள்ளேயே நுழைந்தது. ஒரே குடியிருப்பாகக் கட்டப்பட்ட வீட்டை ஒன்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகளாக மாற்றுவதும் மீள்கட்டுமானமாகவே கருதப்பட்டதால், பாகப்பிரிவினை செய்துகொண்ட அண்ணன் தம்பிகள் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி ஆளுக்கொரு அடுக்களை வைத்துக்கொண்டபோது, தங்கள் கணக்கில் சொத்தைப் பிரித்தவர்கள் சட்டத்தின் கணக்கில் புதுவீடு கட்டியவர்களாயினர். முற்றத்தை மூடித் தளம் போடுவது இவ்வகைப் பிரிவினையோடு சேர்ந்தே வருவது. இருபுறமும் பொதுச்சுவர் உள்ள வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் மேலிருந்து மட்டுமே இறங்க முடியும் என்பதால், பழைய வீட்டில் செய்யப்படும் கூடுதல்களில் மிகவும் எளிதானதும் மிகவும் கெடுதலானதும் இதுவே.

தெருமுகப்பில் சட்டம் வேறு வகையில் கண்டிப்புக் காட்டியது. பொதுத்தெருவுக்குள் நீண்ட திண்ணை, படி, தாழ்வாரம் ஆகியவற்றை அகற்றுமாறு உரிமையாளருக்கு உத்தரவிட 1920ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. எனினும் அந்த நீட்சி காலவரையறைச் சட்டப்படி அனுபவ உரிமை பெறுமளவுக்கு நெடுநாள் இருந்தது என்றோ, முன்பு அனுமதி பெற்றுக் கட்டப்பட்டது என்றோ மெய்ப்பித்தவருக்கு நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்றும் கூறியது. தேர் ஓடும் வீதிகளில் நீட்சியைத் தடுப்பது புதிய கருத்தும் அன்று: ஆனி, மார்கழித் திருவிழாக்களில் வடம்பிடித்து இழுக்கப்படும் தேர்கள் முட்டாமல் திரும்ப வேண்டுமென்பதால், எழுதப்படாத எல்லைக்கோடு ஒன்று அங்கே முன்பே இருந்திருக்க வேண்டும். ஓலை, கீற்று போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்களால் கூரையும் பந்தலும் அமைப்பதைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருந்தது. 1666ஆம் ஆண்டுத் தீக்குப் பின் மறு ஆண்டே லண்டன் இயற்றிய சட்டம் மரச்சுவரை விலக்கிச் செங்கல்லையும் கல்லையும் கட்டாயமாக்கியதோடு ஒப்பிட்டால் இதன் வேர் விளங்கும். ஆனால் லண்டனில் வீதிகள் எரிந்து வெறுமையாகியிருந்தன, இங்கோ கூரைகள் ஆள் குடியிருக்கையிலேயே விதிக்குள் வந்தன.

மாடி எடுப்பதில் விதியைவிடச் சுவரே முதலில் மறுப்புச் சொல்லும். மச்சுத்தளத்தின் பாரம் உத்திர முனைகளின் வழியாகச் சில இடங்களில் மட்டும் சுவரில் இறங்குவதாலும், அச்சுவர் சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டப்பட்டதாலும், அதன்மேல் கான்கிரீட் தளத்தை ஏற்றுவது ஆபத்தானது. ஆகவே பழைய சுவரை ஒட்டித் தனியே தூண் எழுப்பி மேல்தளத்தை அதில் தாங்கவிடுவதே பாதுகாப்பான வழி. அவ்வாறு செய்தாலும் பொதுச்சுவரின் அருகே அடித்தளம் தோண்டுகையில் அடுத்த வீடும் அசையும். பழைய சுவரில் சிமெண்டு பூசுவது இதைவிட மெதுவாகக் கெடுக்கும். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றி, கடற்காற்றின் உப்போடு சேர்ந்து பூச்சுக்குப் பின்னால் உவர் பூத்துச் செங்கல்லை அரிக்கிறது.

பிற்கால விதிகளில் பழைய தெருக்களுக்குரிய முக்கியச் சலுகை, தொடர் கட்டடப் பகுதி என்ற வகைப்பாடு. அதாவது வீடுகள் சுவரோடு சுவராக நிற்கும் பகுதிகளில் பக்கவாட்டில் காலியிடம் விட வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் அது இடம்பெற்றது. இவற்றுக்கிடையே 2003ஆம் ஆண்டின் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் தனித்து நிற்கிறது. அதுவரை பெரும்பாலும் உரிமையாளர் தொட்டால்தான் வீட்டைத் தொட்டுவந்த சட்டம், அந்த ஆண்டில் யாரும் எதையும் மாற்றாத பழைய வீடுகளுக்குள்ளும் சென்று, குழாயும் குழியும் அமைக்கச் சொன்னது. ஓட்டுச் சரிவின் நீரை முற்றத்தில் ஏற்ற வீடுகள் அவ்விதிக்குத் தாமே பாதி தயாராக இருந்தன, முற்றத்தை மூடியவர்களுக்கே வேலை கூடியது.

பழுதுபார்ப்புக்கும் கூடுதலுக்கும் இடையிலான கோடு மிகக் கடுமையாக விழுந்தது கடற்கரையில். 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, நகர வளர்ச்சி எட்டாத கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக்கட்டடத்தைத் தடுத்து, அனுமதி பெற்று ஏற்கெனவே நிற்பவற்றை அவற்றின் அடித்தளப் பரப்பும் தளப்பரப்பு விகிதமும் மிகாமல் பழுதுபார்க்க மட்டுமே விட்டது. 1920ஆம் ஆண்டு விலக்கின் அதே தர்க்கம் இங்கே மீட்டரில் அளக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலூர்க் கரையிலுள்ள தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு முதலிய ஊர்களைத் தாக்கியபின், 2005 மார்ச்சில் வெளிவந்த அரசாணை எண் 172, 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தவர்களுக்கு இரண்டு வழிகளைக் காட்டியது: அப்பால் சென்றால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசம், இருந்த இடத்திலேயே இருந்தால் தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது.

ஆனால் 1991ஆம் ஆண்டு அறிவிக்கை விட்ட பழுதுபார்க்கும் உரிமை அனுமதி பெற்ற கட்டடத்துக்கே உரியது. தேர் வீதி வீட்டுக்காரர் வீட்டு வரி ரசீதையும் பத்திரத்தையும் காட்டித் தம் சுவரின் வயதை மெய்ப்பிக்க முடியும். புறம்போக்கில் தலைமுறைகளாக வாழ்ந்த குப்பத்து வீடுகளில் பலவற்றுக்கு அத்தகைய தாள் எதுவும் இல்லை. அதனால் அங்கே கீற்றை மாற்றுவதுகூட மராமத்தா, புதுக்கட்டுமானமா என்ற கேள்விக்கு வீட்டைப் பார்த்து எவராலும் விடை கூற முடியாது.