தூண்டில் முள்ளில் ஒரு சேவலிறகு

தூண்டிலில் மண்புழுவைக் கோத்து மீன் பிடிக்கும் வழக்கத்தை நேயர்கள் அறிவீர்கள். புழுவும் இன்றி, மாவும் இன்றி, சிறிது நூலும் சேவலின் இறகும் கொண்டே மீனை வசப்படுத்தும் கலை ஒன்று மேலைநாடுகளில் நெடுங்காலமாக வளர்ந்து வந்திருக்கிறது. குளிர்ந்த மலையாறுகளில் வாழும் டிரவுட் என்னும் மீன், நீரில் வந்து விழும் பூச்சிகளை விரும்பி உண்பது. அப்பூச்சிகளோ மிக மெல்லியவை. முள்ளில் குத்தினால் சிதைந்துவிடும். ஆகவே, முள்ளின்மீதே பொய்யான ஈ ஒன்றைக் கட்டிவிடும் உபாயம் தோன்றிற்று.

இவ்வுபாயம் நேற்று இன்று ஏற்பட்டதன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பு, கிரேக்க மொழியில் நூல் எழுதிய ஏலியன் என்னும் ரோமானியர், மாசிடோனியா நாட்டு ஆறொன்றில் புள்ளிகள் உடைய மீன்களைப் பிடித்த விதத்தைக் குறித்து வைத்திருக்கிறார். அங்குள்ளோர் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிறத்து இறகுகள் இரண்டை அதில் பொருத்தினர் என்பது அவர் தரும் செய்தி. பின்னர் 1496-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விங்கின் டி வொர்டு அச்சிட்ட தூண்டில் நூலொன்று பன்னிரண்டு வகை ஈக்களை விவரித்தது. 1676-இல் சார்லஸ் காட்டன் இக்கலையை மேலும் விரித்து எழுதினார்.

சேவலின் கழுத்திறகுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? அது ஒடுங்கி நீண்டது. அதன் இழைகள் விறைப்பானவை. அதை முள்ளின்மீது சுற்றினால் இழைகள் நாற்புறமும் கதிர்போல் விரிந்து நிற்கும். விரிந்த இழைகளின் நுனிகள் நீர்ப்பரப்பின்மேல் ஊன்ற, ஈ மூழ்காமல் மிதக்கும். மீனின் கண்ணுக்கு அவ்விழைகள் பூச்சியின் கால்களாகத் தோன்றும். நீருக்குள் அமிழ வேண்டிய ஈக்குப் பெட்டையின் மென்மையான இறகு ஏற்றது. ஓட்டத்தில் அது உயிருள்ளதுபோல் அசையும்.

எல்லா ஈக்களும் இயற்கைப் பூச்சியைப் போன்று இருப்பதில்லை. பகட்டான நிறத்தால் மீனைச் சீண்டி இழுப்பனவும் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு ஊர் ஒன்றின் பெயர் தாங்கிய டன்கெல்டு என்னும் ஈ அவ்வகையது. முதலில் முள்ளை இடுக்கியில் பொருத்தி, மெழுகு பூசிய பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றுவர். வாலுக்குச் சீனத்துப் பெசன்ட் கோழியின் பொன்னிறக் கொண்டையிறகு, உடலுக்குப் பொற்சரிகை, அதன் முன்னே ஆரஞ்சுச் சாயம் தோய்த்த கழுத்திறகு, சிறகுக்குக் காட்டுவாத்தின் பழுப்பிறகு. இறுதியில் இருபக்கமும் கன்னங்களாக ஒவ்வோர் இறகை வைத்து, நூலை முடிந்து வார்னிஷ் இடுவர்.

அந்தக் கன்னத்து இறகு நம் நாட்டுக் காடுகளுக்கு உரியது. தென்னிந்திய மலைச்சரிவுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்கு, கழுத்திறகு ஒவ்வொன்றிலும் மெருகிட்டாற்போல் வெண்மையும் பொன்மஞ்சளுமான பொட்டுகள் உண்டு. அவை நீருக்குள் சிறுமீனின் கண்போல் மின்னும். புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு இயற்கையியலார் சொன்னரா என்பவரின் பெயரையே இப்பறவையின் அறிவியற்பெயர் தாங்கி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சால்மன் மீனுக்கும் டிரவுட்டுக்கும் கட்டப்பட்ட ஈக்களில் இவ்விறகு பெருவழக்காயிற்று. ஆனால் அதனை வெறுமனே உதிர்ந்த இறகாகப் பொறுக்கவில்லை. பறவையைக் கொன்று கழுத்துத் தோலோடு உரித்தே கப்பலேற்றினர்.

காட்டுக்கோழியின் இறகு ஸ்காட்லாந்துக்குப் போக, ஸ்காட்லாந்தின் மீன் இங்கு வந்தது. 1900-ஆம் ஆண்டில் அங்கிருந்து வந்த டிரவுட் முட்டைகள் காஷ்மீரில் பொரிந்து நிலைபெற்றன. நீலகிரியிலோ 1860-களில் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. 1907-இல் வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் நிறுவிய பின்னரே வானவில் டிரவுட் அங்கு வேரூன்றியது.

பறவைகளின் இறகு ஏற்றுமதியை இந்திய அரசாங்கம் 1902-இல் தடுத்தது. எனினும் காட்டுக்கோழி இறகின் வாணிபம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் மேலைநாட்டுக் கடைகளில் அத்தோல்கள் விலைக்குக் கிடைத்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1975-இல் நடைமுறைக்கு வந்த அழியும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய சர்வதேச உடன்பாடும் இப்பறவைக்குக் காவலாயின. இன்று ஈ கட்டுவோர், வெளிநாட்டுப் பண்ணைகளில் வளரும் பறவைகளின் இறகையோ, அதைப்போல் செய்த போலிகளையோ கொள்கின்றனர். மற்றக் கழுத்திறகுகளுக்கென்றே நாட்டுச் சேவல்களைத் தேர்ந்து இனம்பெருக்குகின்றனர்.

மாசிடோனியர் தம் ஈயைக் கட்டியது சேவலின் இறகைக் கொண்டுதான். அன்று அவர்களுக்கு அதுவே போதியதாக இருந்தது. மீனும் அதை ஏற்றது. காட்டுக்கோழியின் உயிரை விலையாகக் கேளாமலே இக்கலை பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. இனியும் வாழ்வதற்குத் தடையேதும் இல்லை.