செவிலியரும் மயக்கமூட்டும் மருந்துகளும் (அமெரிக்கா)

அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் எந்த மயக்கமூட்டும் மருந்தை, எந்த ஆழம் வரை கொடுக்கலாம் என்பதை அந்தந்த மாநிலத்தின் செவிலியர் பணிச் சட்டமும் செவிலியர் வாரியமும் வகுக்கின்றன. நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. மருத்துவர் சொன்னதால் கொடுத்தேன் என்ற பதில், வரம்பை மீறிய செவிலியரின் உரிமத்தைக் காப்பாற்றாது.

வரம்பு பற்றிய சர்ச்சை பழையது. அறுவை மருத்துவரின் வழிகாட்டுதலில் டாக்மர் நெல்சன் என்ற செவிலியர் மயக்க மருந்து கொடுத்தது சட்டவிரோத மருத்துவத் தொழில் ஆகாது என்று 1936இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய வழியில் வந்த மயக்கவியல் செவிலியர்கள் இன்று தனிப் பட்டமும் சான்றிதழும் பெற்று முழு மயக்கமே கொடுக்கிறார்கள். கேள்வி எழுவது அந்தப் பயிற்சி இல்லாத மற்றச் செவிலியர்கள் விஷயத்தில்தான்.

அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 1999இல் மயக்கத்தை நான்கு படிகளாகப் பிரித்தது: லேசான தணிவு, மிதமான மயக்கம், ஆழ்ந்த மயக்கம், முழு மயக்கம். கூப்பிட்டாலோ மெல்லத் தட்டினாலோ நோயாளி பதில் தந்து, தானே மூச்சு விடும் மிதமான மயக்கம்வரை, பயிற்சி பெற்ற செவிலியர் மருத்துவரின் உத்தரவுப்படி கொடுப்பதைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன. ஆனால் படிகளுக்கு நடுவே சுவர் எதுவும் இல்லை. ஒருவரைக் கண்சொருக மட்டும் வைக்கும் அளவு இன்னொருவரின் மூச்சையே நிறுத்திவிடலாம். ஆகவே எந்தப் படியை எண்ணி மருந்து கொடுத்தாலும், அதற்கு அடுத்த படிக்குச் சரிந்துவிட்ட நோயாளியை மீட்கத் தெரிந்திருக்க வேண்டும். விதிகளிலேயே முக்கியமானது இதுதான்.

பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை அறையில் இது கண்கூடு. 60 வயதுக்கு உட்பட்டவருக்கு மிடசோலம் என்ற தணிவு மருந்து முதல் ஊசியில் 2.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குறைந்தது 2 நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றி, மேலும் 2 நிமிடமாவது பொறுத்துப் பார்த்த பிறகே அடுத்த சொட்டு. கூடவே ஃபென்டனில் என்ற வலிநீக்கி கொடுத்தால் மூச்சு மந்தமாகும் ஆபத்து கூடும். ஆக்சிஜன் அளவு இறங்குவதற்கு முன்பே, மூச்சில் வரும் கரியமில வாயுவைக் காட்டும் திரையில் அலை தட்டையாகிவிடும். அதைக் கவனித்து உடனே தாடையைத் தூக்கிப் பிடிக்க ஒரு செவிலியர் தேவை. அந்தச் செவிலியரிடமே கருவி எடுத்துக் கொடுக்கும் வேலையையும் சுமத்துவது நோயாளியின் உயிரோடு விளையாடுவது. மிடசோலத்துக்கு ஃப்ளுமசெனில், ஃபென்டனிலுக்கு நலாக்சோன் என்று முறிமருந்துகள் உண்டு. ஆனால் ஃப்ளுமசெனிலின் வேகம் மிடசோலத்துக்கு முன்பே தணிந்துவிடும் என்பதால், விழித்த நோயாளி மீண்டும் மயங்கலாம்.

புரொபோஃபால் என்ற மயக்க மருந்துக்கோ முறிமருந்தே கிடையாது. வென்டிலேட்டரில் உள்ளவருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் அதை அன்றாடம் செலுத்துகிறார். அங்கே மூச்சுக்குழாய் ஏற்கெனவே பாதுகாப்பாக இருக்கிறது. மற்ற இடங்களில், முழு மயக்கம் கொடுக்கப் பயின்றவரும் சோதனையில் ஈடுபடாதவருமே அதைக் கொடுக்க வேண்டும் என்கிறது மருந்துக் குறிப்பு. இந்த வாசகத்தை நீக்கக் கோரி இரைப்பை குடல் மருத்துவர்கள் 2005இல் மனு கொடுத்தார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் அதை நிராகரித்தது. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் உள்நோக்கிச் சோதனைக்கு அதே மருந்தைக் கொடுத்து வருகிறார்கள்.