லூசி: 125 ஆண்டு மரத்தில் பிறந்த இடக்கைக் கிற்றார்

வலக்கைக்காரர்களுக்காகவே ஆக்கப்பட்ட உலகம் இது. கத்தரிக்கோல் முதல் பாடசாலைக் கதிரையோடு பொருத்தப்பட்ட எழுதுபலகை வரை, பெரும்பான்மையினரின் கையை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. இடக்கைக்காரர் ஒருவர் உலகத்தை மாற்றவேண்டும் என்று கேட்பதில்லை. தன்னை மாற்றிக்கொள்கிறார், அல்லது கருவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார். அப்படித் தலைகீழாகப் பிடித்த ஒரு கலைஞரையும், அவருக்காக 1972 இல் செய்யப்பட்ட மின் கிற்றார் ஒன்றையும் பற்றியதே இந்தக் கட்டுரை. அமெரிக்க இசை வரலாற்றில் அது ஒரு சிறு நிகழ்வுதான். ஆனால் அந்தக் கிற்றாரின் மரத்தை நான் நினைக்கும்போதெல்லாம், ஒரு பெரிய வரலாறு அதற்குள் அடங்கிக் கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கலைஞரின் பெயர் அல்பேர்ட் கிங். இயற்பெயர் அல்பேர்ட் நெல்சன். 1923 ஏப்ரல் 25 ஆம் திகதி, மிசிசிப்பி மாநிலத்தின் இந்தியனோலாவில் பிறந்ததாக அவர் கூறிவந்தார். சிறுவயதிலேயே குடும்பம் ஆர்கன்சோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பருத்தித் தோட்டங்களில் பஞ்சு பொறுக்கியே அவர் வளர்ந்தார். பின்னாளில் புல்டோசர் ஓட்டியும் பிழைத்தார். ஆறடிக்கு மேல் உயர்ந்த பாரிய உடலும் மெல்லிய, இதமான குரலும் கொண்ட அவரை ‘வெல்வெட் புல்டோசர்’ என்று இரசிகர்கள் அழைத்தமைக்குக் காரணம் இதுதான்.

அவருடைய முதல் கிற்றாரை அவரே செய்தார். ஒரு சுருட்டுப்பெட்டி, ஒரு மரக்கிளை, தும்புத்தடியைக் கட்டியிருந்த கம்பி: இவ்வளவுதான் மூலப்பொருட்கள். தெற்கு மாநிலங்களின் கறுப்பினச் சிறுவர்கள் பலர் இவ்வாறுதான் இசைக்குள் நுழைந்தார்கள். பிறகு 1.25 டொலருக்கு ஒரு பழைய கிற்றார் அவர் கைக்கு வந்தது. கடையில் கிடைப்பதெல்லாம் வலக்கைக் கிற்றார்கள், அவரோ இடக்கைக்காரர். ஆகவே கருவியை அப்படியே புரட்டிப் பிடித்தார். தந்திகளின் வரிசையை அவர் மாற்றவில்லை.

இதன் பொருளை விளக்கியாக வேண்டும். வழமையான கிற்றாரில் தடித்த தந்தி வாசிப்பவரின் முகத்துக்கு அருகிலும், மெல்லிய தந்தி தரையின் பக்கமாகவும் இருக்கும். கருவியைப் புரட்டினால் மெல்லிய தந்தி மேலே வந்துவிடும். இடக்கைக்காரரான ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கைக் கிற்றாரைப் புரட்டியபோது தந்திகளைக் கழற்றி, வரிசையைத் திருப்பி மாட்டிக்கொண்டார். அல்பேர்ட் கிங் அதைச் செய்யவில்லை. வட கரோலைனாவில் 1893 இல் பிறந்த எலிசபெத் கொற்றன் அம்மையாரும் செய்யவில்லை. தமையனின் பான்ஜோவைக் களவாக எடுத்து வாசித்துப் பழகியவர் அவர். இரவல் கருவியின் தந்திகளைக் கழற்றி மாட்ட யாருக்கு உரிமை? புரட்டிப் பிடிப்பது பெரும்பாலும் வறுமையின் வழி. சொந்தக் கருவி இல்லாதவர்களின் வழி.

அந்த வழியில்தான் புதிய ஓசை ஒன்று பிறந்தது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புவதை நாம் அறிவோம். புளூஸ் இசையின் உயிரும் அதுதான். வலக்கைக் கலைஞர் மெல்லிய தந்தியை மேல்நோக்கித் தள்ளுகிறார். அல்பேர்ட் கிங்குக்கோ அந்தத் தந்தி மேலே இருந்தது. அவர் அதைக் கீழ்நோக்கி, முட்டி மடக்குவது போல முழுக்கையின் பலத்தோடும் இழுத்தார். தந்திகளை வழமையிலும் தாழ்ந்த சுருதியில் தளர்த்தி வைத்திருந்ததால், அவை இன்னும் அதிக தூரம் வளைந்தன. விரற்கவ்வியைப் பயன்படுத்தாமல் கட்டைவிரலாலேயே மீட்டினார். ஒரு சுரத்தில் தொடங்கி, மனிதர் விம்முவதைப் போல வேறொரு சுரத்துக்கு ஏறும் அந்த ஒலியை வலக்கைக்காரர்கள் அவ்வளவு இலகுவில் பிரதி செய்ய முடியவில்லை. எரிக் கிளப்டன் முதல் ஸ்டீவி றே வோன் வரை அதற்காக முயன்றவர்கள் ஏராளம்.

பத்திரிகை அலுவலகங்களில் ஈய எழுத்துக் காலத்தைக் கண்டவன் என்ற முறையில் எனக்கு இது வியப்பளிப்பதில்லை. அச்சுக்கோப்பாளர்கள் எழுத்துகளைத் தலைகீழாகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் வாசிப்பார்கள். நாம் நேராக வாசித்துத் தவறவிட்ட பிழை, அவர்களது கண்ணில் தலைகீழாகப் பட்டுவிடும். கோணம் மாறும்போது புலன் கூர்மையடைகிறது.

*

1958 இல் கிப்சன் நிறுவனம், மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த தன் தொழிற்சாலையில் ‘ஃபிளையிங் வி’ என்ற கிற்றாரைச் செய்து சந்தைக்கு விட்டது. ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற உடல். விண்வெளி யுகத்தின் வேகத்தைக் காட்டும் வடிவம் என்று நிறுவனம் நம்பியது. மக்கள் வாங்கவில்லை. 1958, 1959 ஆகிய இரு ஆண்டுகளிலும் நூறுக்கும் குறைவானவையே வெளிச்சென்றன. பிறகு உற்பத்தி நின்றது. மேற்கு ஆபிரிக்காவின் லிம்பா மரத்தில் அதன் உடல் செதுக்கப்பட்டது. அந்த மரத்துக்குக் ‘கொரினா’ என்று வணிகப் பெயர் சூட்டியிருந்தார்கள்.

விற்காத அந்தக் கிற்றார்களில் ஒன்றுதான் அல்பேர்ட் கிங்கின் அடையாளமாயிற்று. காரணம் எளிது. பல கிற்றார்களின் உடலில் ஒரு பக்கம் மட்டும் வளைவாக வெட்டப்பட்டிருக்கும். உச்சச் சுரங்களை எட்டுவதற்கான இடம் அது. கருவியைப் புரட்டினால் அந்த வெட்டு தவறான பக்கத்துக்குப் போய்விடும். ‘வி’ வடிவத்திலோ இரு பக்கமும் ஒன்றுதான். எனினும் இடர்ப்பாடு முற்றாக நீங்கவில்லை. கீழே இருக்கவேண்டிய ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழ்களும் மின்கம்பி செருகும் துளையும் மேல் இறகுக்கு வந்துவிட்டன. மீட்டும் கையின் பாதையில் அவை குறுக்கிட்டன.

1966 இல் மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் அல்பேர்ட் கிங் சேர்ந்தார். 1967 இல் ‘போர்ன் அண்டர் எ பாட் சைன்’ இசைத்தொகுப்பு வெளிவந்தது. 1968 இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் வெள்ளையின இளைஞர்கள் அவரை ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதை அண்மித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு புகழ் வந்த பின்னரும், பிறருக்காகச் செய்த கருவியைப் புரட்டியே அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

*

கலமசூவிலிருந்து ஏறத்தாழ 100 மைல் கிழக்கே, அதே மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் என்ற பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. 1969 இலும் 1970 இலும் பெரும் புளூஸ் விழாக்களை நடத்திய நகரம் அது. டான் எர்ல்வைன் என்ற இளைஞர் அங்கே கிற்றார் செய்தும் பழுதுபார்த்தும் வந்தார். ‘பிரைம் மூவர்ஸ்’ என்ற குழுவில் புளூஸ் வாசித்தவர். பின்னாளில், கிற்றார் பழுதுபார்த்தல் பற்றிய இவரது நூல்களும் பத்திகளும் அத்தொழிலில் ஒரு தலைமுறைக்கே பாடமாயின. 1972 இல் இவர் அல்பேர்ட் கிங்குக்காக ஒரு ‘வி’ வடிவக் கிற்றாரைச் செய்தார்.

அதற்கு அவர் எடுத்த மரம் கறுப்பு வோல்நட். நாம் உண்ணும் அக்ரோட்டுப் பருப்பைத் தரும் மரத்தின் வட அமெரிக்க உறவு இது. தளபாடத்துக்கும் துப்பாக்கிப் பிடிக்கும் பேர்போன மரம்; மின் கிற்றாருக்கு அக்காலத்தில் அரிதாகவே பயன்பட்டது. நிறம் கருங்கபிலம். லிம்பாவை விடச் சற்றுப் பாரமானது. அவரிடம் இருந்த துண்டு 125 ஆண்டு பழைமையானது.

பழைய மரத்தைக் கைவினைஞர்கள் தேடுவது வெறும் பக்தியால் அல்ல. வெட்டிய மரம் உலரும்போது சுருங்கும், கோணும், வெடிக்கும். கிற்றாரின் கழுத்தில் ஆறு உருக்குத் தந்திகள் இடையறாது இழுத்துக்கொண்டிருக்கின்றன. மெட்டுகளின் இடைவெளிகள் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. மரம் சிறிது திருகினாலும் சுருதி கெடும். நெடுங்காலம் உலர்ந்த மரம் தன் கோணல்களை முன்பே முடித்துக்கொண்டது. அதனால் ஓசையும் இனிமையாகுமா என்பது வேறு கேள்வி. மின் கிற்றாரில் ஒலியைப் பிடிப்பது தந்தியின் கீழுள்ள காந்தச் சுருள். மரத்துக்கு அதில் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. நம்பகமான மரம் என்பது மட்டும் வாதத்துக்கு அப்பாற்பட்டது.

இடக்கைக் கிற்றார் என்பது வலக்கைக் கிற்றாரின் கண்ணாடிப் பிம்பம் என்று பலரும் எண்ணுகிறார்கள். வேலை அவ்வளவு எளிதன்று. தலைப்பகுதியில் தந்திகள் அமரும் சிறு கட்டையில், ஒவ்வொரு தந்தியின் தடிப்புக்கும் ஏற்பப் பள்ளம் வெட்டவேண்டும். மறுமுனையில் உள்ள குதிரையில், தடித்த தந்திக்குச் சற்றுக் கூடுதல் நீளம் விடவேண்டும். இல்லையேல் மேல் மெட்டுகளில் சுருதி பிசகும். அல்பேர்ட் கிங்கின் கருவியிலோ சிக்கல் இரட்டிப்பாயிற்று. உடல் இடக்கைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். தந்தி வரிசையோ புரட்டிப் பிடித்த வலக்கைக் கிற்றாரின் வரிசையாகவே இருக்கவேண்டும். எந்தக் கடையிலும், எந்தப் பட்டியலிலும் இல்லாத கருவி அது.

இந்த இடத்தில்தான் எர்ல்வைன் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது. முறையான இடக்கைக் கிற்றார் ஒன்றைச் செய்து, இனி ‘சரியாக’ வாசியுங்கள் என்று அவர் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ஐம்பது வயதை நெருங்கிய கலைஞர் ஒருவரின் மொழியையே அவர் பறித்திருப்பார். அவர் மனிதரைத் திருத்தவில்லை. மனிதருக்கு ஏற்பக் கருவியைச் செய்தார். விரற்பலகையில் முத்துச்சிப்பியால் அல்பேர்ட் கிங்கின் பெயரைப் பதித்தார். தலைப்பகுதியில் ‘லூசி’ என்ற பெயரும் பொறிக்கப்பட்டது. அல்பேர்ட் கிங் தன் கிற்றாருக்கு இட்டிருந்த செல்லப்பெயர் அது. சுருட்டுப்பெட்டியில் தொடங்கியவர், தன் பெயர் பொறித்த கருவியைக் கையில் ஏந்தினார்.

*

இனி அந்த 125 ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். 1972 இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 1847. நமது யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். அதே 1847 டிசம்பரில்தான், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில் ‘நோர்த் ஸ்டார்’ பத்திரிகையை ஆரம்பித்தார். இங்கே உதய நட்சத்திரம், அங்கே வட நட்சத்திரம் என்று பத்திரிகைக்காரன் மனம் ஒரு கணம் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆனால் டக்ளஸின் நட்சத்திரம் வெறும் அலங்காரப் பெயர் அன்று. இரவில் வடக்கு நோக்கித் தப்பி ஓடிய அடிமைகளுக்கு வழிகாட்டிய விண்மீன் அது.

அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865 இல். ஆகவே அந்த வோல்நட் மரத்தின் வரலாறு தொடங்கிய நாட்களில், மிசிசிப்பியின் பருத்தி வயல்களில் கறுப்பின மக்கள் விலைக்கு விற்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வீணை கற்க வாய்ப்பற்ற ஏழையின் துயரத்தை நாம் அறிவோம்; தன் உடலே தனக்கு உரிமையற்ற மனிதரின் துயரம் அதற்கும் அப்பாற்பட்டது. 125 ஆண்டுகளின் பின், அதே மரம் பருத்தி வயலில் வளர்ந்த ஒருவரின் கைக்கு, அவர் பெயர் தாங்கி, அவருடைய இடக்கைக்கென்றே செதுக்கப்பட்டு வந்தது. யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. நல்ல மரம் இருந்தது, எடுத்தார்கள். வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் தன் கணக்கைத் தீர்க்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அமெரிக்கக் கிற்றார்த் தொழில் நெடுங்காலம் தூரதேசக் காடுகளை நம்பியே வளர்ந்தது: பிரேசிலின் செம்மரவகைகள், ஆபிரிக்காவின் லிம்பா, நமது பிராந்தியத்தின் ஈட்டியும் கருங்காலியும். 1992 இல் பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வர்த்தகம் தடைசெய்யப்பட்டது. 2017 இல் ஈட்டி இனம் முழுவதும் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. 2019 இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இதற்கிடையே, மடகாஸ்கரின் கருங்காலியும் இந்திய ஈட்டியும் தொடர்பான விசாரணைகளில் 2009 இலும் 2011 இலும் கிப்சன் தொழிற்சாலைகளே சோதனையிடப்பட்டன. 2012 இல் இணக்கம் காணப்பட்டது. இன்று கிற்றார் செய்வோர் தங்கள் ஊர் மரங்களை நாடத் தொடங்கியிருக்கிறார்கள். லூசி இவற்றுக்கெல்லாம் முன்பே உள்ளூர் மரத்தில் பிறந்தவள்.

அல்பேர்ட் கிங் 1992 டிசம்பர் 21 ஆம் திகதி மெம்பிஸ் நகரில் மாரடைப்பால் காலமானார். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் லொஸ் ஏஞ்சல்ஸில் கடைசியாக மேடையேறியிருந்தார். 1983 டிசம்பரில் கனடாவின் ஹமில்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் அவரும் ஸ்டீவி றே வோனும் இணைந்து வாசித்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 1999 இல் வெளிவந்தது. வாய்ப்புள்ளோர் அதைக் கேட்டுப் பாருங்கள். ஒரே புளூஸை இருவரும் மாறிமாறி வாசிக்கிறார்கள். இளையவர் எல்லாவற்றையும் கற்றுத் தேர்ந்தவர், விரல்வேகம் மிக்கவர். மூத்தவர் சில சுரங்களோடு நிறுத்திக்கொள்கிறார். எந்தத் தந்தி மேலே தள்ளப்படுகிறது, எது கீழே இழுக்கப்படுகிறது என்பதைச் சற்றுப் பழகிய காது கண்டுகொள்ளும்.