உச்சவரம்பு யாருக்கு? டர்பன் மாநாடும் செய்யூர் மண்ணும்

காலநிலை மாற்றம் என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கவலை. நமக்கு முதல்ல பட்டா வேணும், சுடுகாட்டுக்குப் பாதை வேணும்" என்று நம் தோழர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பட்டாவுக்கும் கார்பனுக்கும் என்ன உறவு என்பதை நமது செங்கல்பட்டு மாவட்டத்தின் வரலாறே சொல்கிறது. அதைப் புரிந்துகொள்ள, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2011இல் நடந்த ஒரு வாக்குவாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஐ.நா. காலநிலை மாநாடு அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று தொடங்கியது. குறித்த நாளில் முடியாமல் டிசம்பர் 11 விடியற்காலை வரை இழுத்தது. இந்தியா, சீனா உட்பட எல்லா நாடுகளும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உமிழ்வு ஒப்பந்தத்துக்குள் வர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அழுத்தம் கொடுத்தது. அதை எதிர்த்து நின்றவர் நம் ஊர்க்காரர்: ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன், தமிழ்நாட்டின் முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் பேத்தி. என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 120 கோடி மக்களின் வாழ்வுரிமையை எப்படி விட்டுக்கொடுப்பது என்பதுதான் அவருடைய வாதம். கடைசியில், "சட்ட வலுவுள்ள, ஒத்துக்கொள்ளப்பட்ட முடிவு" என்ற வகையில் வாசகத்தைத் தளர்த்தி மாநாட்டை முடித்தார்கள்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று ஓர் இந்தியரின் சராசரி கார்பன் உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை டன். ஓர் அமெரிக்கருடையது சுமார் 17 டன். காற்றில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கார்பனில் பெரும்பங்கு பணக்கார நாடுகள் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் சேர்த்தது. அதனால்தான் 1992 ரியோ உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் சம அளவில் அல்ல என்று ஒத்துக்கொண்டது. 1997 கியோட்டோ ஒப்பந்தம் தொழில்வள நாடுகளுக்கு மட்டும் உமிழ்வு வரம்பு வைத்தது. அந்த நாடுகள் என்ன செய்தன? இந்தியாவுக்கும் சீனாவுக்கும் வரம்பு இல்லாமல் எங்களுக்கு மட்டும் எதற்கு என்று அமெரிக்க செனட் அதே 1997இல் 95–0 என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட். டர்பன் மாநாடு முடிந்த மறுநாளே கியோட்டோவிலிருந்து வெளியேறுவதாகக் கனடா அறிவித்தது.

'உச்சவரம்பு' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. நில உச்சவரம்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1961இல் வந்தது. பண்ணையார்கள் பினாமி பெயர்களில் நிலத்தைப் பதுக்கினார்கள். நிலமற்றவர் கைக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். வானத்தைப் பொறுத்தவரை அமெரிக்காவும் ஐரோப்பாவும் பண்ணையார்கள்தான். ஆயிரம் ஏக்கரை வளைத்துப்போட்டவரும் அரை ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்றால் அதை எதிர்ப்பது சரிதான்.

ஆனால் கேள்வி அங்கே முடிவதில்லை. 120 கோடி பேர் என்று அமைச்சர் சொன்னபோது, அந்தக் கணக்குக்குள் இருந்தவர்கள் யார்?

அதே 2011இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். விளக்கு எரிக்க மின்சாரம் பயன்படுத்திய வீடுகள் நாடு முழுவதும் ஏறத்தாழ 67 விழுக்காடு. பட்டியல் சாதி வீடுகளில் அது 59. பழங்குடி வீடுகளில் சுமார் 52. அதாவது இந்தியாவின் சராசரி உமிழ்வு குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம், சேரிகளும் பழங்குடிக் குடியிருப்புகளும் இருட்டில் இருந்தது. குளிர்சாதன அறையில் இருப்பவரின் உமிழ்வு, மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கும் பிள்ளையின் கணக்கோடு சேர்ந்து குறைந்து தெரிகிறது. 2007இலேயே கிரீன்பீஸ் இந்தியா இதைச் சொல்லி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கை வருமானத்தை வைத்துப் பேசியது. நாம் சாதியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதனால் மின் உற்பத்தியே வேண்டாம் என்று நாம் சொல்லிவிட முடியாது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்துறையும் இருந்தது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும், அது இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்று 1943இல் அவர் பேசினார். அவருடைய கவனம் கடைசியில் அந்த மின்சாரம் யாரை உயர்த்தும் என்பதில் இருந்தது.

இந்த அளவுகோலோடு செய்யூருக்கு வருவோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கடலோரத்தில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. செய்யூர் தனித்தொகுதி. ஏரிப்பாசனமும் மேய்ச்சலும் கழிமுக மீன்பிடியும் கூலி வேலையும்தான் அந்தப் பகுதியின் பிழைப்பு. அங்கே நிலக்கரி எரித்து, வட்டத்துக்கு வெளியே பல மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்புவதுதான் திட்டம். ஏரிகளும் விளைநிலமும் மணல்மேடுகளும் என்னாகும் என்று ஊர்மக்கள் கேட்டார்கள். 2013இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அப்போதும் அமைச்சர் ஜெயந்தி நடராஜன்தான்.

டர்பனில் ஏழையின் பெயரால் வரம்பு வேண்டாம் என்று வாதாடிய அமைச்சகமே, ஏழைகளின் வாசலில் அனல்மின் நிலையம் கட்ட அனுமதித்தது. அந்த ஊர் ஏழை எதிர்த்தபோது, 120 கோடி பேரில் ஒருவராக அவர் எண்ணப்படவில்லை. 2015இல் ஏலம் ரத்தானது. நிலையம் கட்டப்படவில்லை. ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது.

பொதுநலத்தின் பெயரால் பேசி நம்மை வெளியே வைப்பது இந்த மாவட்டத்தில் பழைய கதை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், இங்கிருந்த பறையர் மக்களின் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். தரிசு நிலத்துக்கு அவர்கள் மனுப்போட்டால், ஊர் நிலத்தின் மீது தங்களுக்கே முன்னுரிமை என்று மிராசுதார்கள் தடுத்தார்கள். 'ஊர்' என்று அவர்கள் சொன்னதில் சேரி இல்லை. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. அந்த நிலங்களும் பெரும்பாலும் கைமாறிப்போயின. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

வரம்பே வைக்காமல் விட்டாலும் விலை கொடுப்பது நாம்தான். கடல் சூடேற ஏற, புயல்கள் வலுப்பெறும் வாய்ப்பு கூடுகிறது. டர்பன் மாநாடு முடிந்து மூன்று வாரத்துக்குள் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. ஒவ்வொரு புயலிலும் முதலில் பறப்பது கூரை வீடும் தார்ப்பாயும். 2004 சுனாமிக்குப் பின், படகையும் வலையையும் கணக்கிட்டு நிவாரணம் கொடுத்தபோது, சொந்தமாக எதுவும் இல்லாத தலித் கூலிகளும் இருளர்களும் பல இடங்களில் விடுபட்டதை உண்மையறியும் குழுக்கள் பதிவு செய்திருக்கின்றன. பட்டா இல்லாதவருக்கு இழப்பீட்டுப் பட்டியலிலும் பெயர் இருக்காது. பட்டாவுக்கும் கார்பனுக்கும் உள்ள உறவு இதுதான்.

எனவே, தோழர்களே, பணக்கார நாடுகளிடம் பங்கு கேட்பதில் இந்தியாவோடு நிற்போம். அதே பங்கை இந்தியாவுக்குள்ளும் கேட்போம். அடுத்த முறை ஒரு தலைவர் ஏழைகளுக்காக நிலக்கரி வேண்டும் என்றால் மூன்று கேள்விகள் போதும்: எந்த ஊர் நிலம்? அதில் பஞ்சமி நிலம் எவ்வளவு? அந்த மின்சாரம் யார் வீட்டுக்குப் போகிறது? மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது பழைய நிலப் பதிவேட்டின் நகலோடு போங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு அதை இப்போதே எடுத்து வையுங்கள்.