மலிவு விலைக் கார்பன் மிதிவண்டிச் சக்கரங்கள்: வரலாறும் மதிப்பும்

கார்பன் மிதிவண்டிச் சக்கரம் என்பது, ரிம் எனப்படும் விளிம்பு உலோகத்துக்குப் பதிலாகக் கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கலவையால் செய்யப்பட்ட சக்கரம் ஆகும். ஆரக்கம்பிகளும் நடுவிலுள்ள ஹப்பும் பெரும்பாலும் உலோகமாகவே இருக்கும். 1980களில் பெரும் பந்தய வீரர்களுக்கு மட்டும் எட்டிய இப்பொருள், இன்று சீனத் தொழிலகங்களிலிருந்து ஒரு சோடி சுமார் 400 முதல் 900 அமெரிக்க டாலருக்கு நேரடியாகக் கிடைக்கிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் உயர்தரச் சோடி 2,000 டாலரைத் தாண்டும். மலிவானதை நம்பி வாங்கலாமா என்ற கேள்விக்கு 2010இல் பொருந்திய விடை இன்று பொருந்தாது. அந்த விடையை மாற்றியது பெரும்பாலும் பிரேக்கின் இடமாற்றமே.

மரத்திலிருந்து கார்பன் வரை

இழுவிசையில் நிற்கும் கம்பிச் சக்கரத்துக்கு 1869இல் பாரிஸில் யூஜீன் மேயர் காப்புரிமை பெற்றார். கம்பிகளைச் சாய்த்துக் குறுக்காகக் கோக்கும் முறையை 1874இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி கொண்டுவந்தார். அந்த அமைப்பு இன்றும் தெருவோரச் சைக்கிள் கடையில் அப்படியே இருக்கிறது. மாறிக்கொண்டே வந்தது விளிம்புதான். மரமும் எஃகும் ஆண்ட காலத்தில், 1934 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அந்தோனின் மாஞ் அலுமினியக் கலவை விளிம்புகளில் ஓடி வென்றார். அது வெளியே தெரியாதிருக்க மரம் போல வண்ணம் பூசியிருந்ததாக அதைச் செய்த மாவிக் நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது.

வலிமையான கார்பன் இழை 1960களில் ஜப்பானில் அகியோ ஷிண்டோவின் ஆய்வாலும், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வு நிலையத்தின் பணியாலும் உருவானது. 1971இல் ஜப்பானின் டோரே நிறுவனம் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. ஏறத்தாழ அதே நேரத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் தன் ஆர்பி211 விமான எஞ்சினுக்குக் கார்பன் விசிறி இதழ்கள் செய்தது. பறவை மோதும் சோதனையில் அவை நொறுங்கியதால் டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. இழுவிசைக்கு வலிமையானது, இடிக்கு உடையக்கூடியது என்ற இந்தப் பொருளின் இயல்பு சக்கரத்திலும் தொடர்கிறது. உலோக விளிம்பு குழியில் மோதினால் வளைந்து எச்சரிக்கும்; கார்பன் விளிம்பு உள்ளே விரிசல் விட்டும் வெளியே நலமாகத் தோன்றலாம்.

1984 சனவரியில் மெக்சிகோ நகரில் ஃபிரான்செஸ்கோ மோசர் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டி, எடி மெர்க்ஸ் 1972இல் படைத்த 49.431 கிலோமீட்டர் சாதனையை முறியடித்தார். அவர் பயன்படுத்திய தட்டுச் சக்கரங்கள் காற்றுத் தடையின் மீது அனைவர் கவனத்தையும் திருப்பின. அமெரிக்காவில் ஸ்டீவ் ஹெட்டும், 1988இல் தொடங்கப்பட்ட சிப் நிறுவனமும் இத்துறையை வளர்த்தனர். ஜெர்மனியில் ஹைன்ஸ் ஓபர்மாயரும் ரூடால்ஃப் டியர்லும் கையாலேயே செய்த மிக இலேசான சக்கரங்களைப் பெரும் வீரர்கள் தேடி வாங்கினர்.

விலை இறங்கிய கதை

கார்பன் விளிம்பு செய்வதில் எந்திரத்தைவிடக் கைக்கே வேலை அதிகம். பிசின் ஊறிய இழைத் துணியைத் துண்டுகளாக வெட்டி, குறித்த கோணத்தில் அச்சில் அடுக்கி, உள்ளிருந்து காற்றுப்பையால் அழுத்திச் சூடேற்ற வேண்டும். எனவே தொழில், திறமையான கூலியாட்கள் குறைந்த செலவில் கிடைத்த இடத்துக்கு நகர்ந்தது. தைவானின் ஜயண்ட் நிறுவனம் 1987இலேயே கார்பன் மிதிவண்டிகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியிருந்தது. தைவானுக்கு எதிர்க்கரையில் உள்ள சியாமென் நகரம் 1980இல் சீனாவின் முதல் நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களுள் ஒன்றானது. பின்னர் கார்பன் சக்கரத் தொழிலின் முதன்மை மையமாக வளர்ந்தது. மேலை நாட்டுப் பெயர் தாங்கிய சக்கரங்கள் பலவும் ஆசியத் தொழிலகங்களில்தான் பிறந்தன. இணைய விற்பனை வந்ததும் தொழிலகங்கள் இடைத்தரகரை விட்டுவிட்டு வாங்குபவரிடமே விற்கத் தொடங்கின. ஆகவே விலை வேறுபாடு முழுவதும் தர வேறுபாடு என்று கொள்வது தவறு. அதில் விளம்பரம், பந்தய அணி ஆதரவு, கடைக்காரர் இலாபம் எல்லாம் அடங்கும். ஆனால் ஆய்வு, சோதனை, கழித்துக் கட்டிய பழுதுப் பொருள்கள் ஆகியவற்றின் செலவும் அதே விலைக்குள்தான் இருக்கிறது.

வெப்பம் என்னும் சிக்கல்

தொடக்ககாலக் கார்பன் விளிம்புகளில் பெரும்பாலும் பசையால் ஒட்டும் டியூபுலர் டயர்களே மாட்டப்பட்டன. 2000களில், சாதாரணச் சைக்கிளைப் போல இரு பக்கச் சுவர்கள் டயரைக் கவ்விப் பிடிக்கும் கார்பன் விளிம்புகள் பரவின. அப்போது பிரேக் கட்டைகள் உரசியதும் இதே சுவர்களைத்தான்.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பிராட்டோ பக்கம் 48 கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 1,800 மீட்டர் இறக்கம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 14 இலட்சம் ஜூல். நான்கரை லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்று ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். அஞ்சி அஞ்சிப் பிரேக் பிடித்தே இறங்குபவருக்கு மீதியெல்லாம் விளிம்பில் சேரும். அலுமினியம் அந்த வெப்பத்தை விரைந்து பரப்பிக் காற்றில் விடும். கார்பன் கலவை அப்படிச் செய்வதில்லை. பிசின் குறித்த வெப்பநிலையைக் கடந்தால் இளகும், டயரின் காற்றழுத்தம் சுவரை வெளியே தள்ளும், டயர் வெடிக்கும். உயர்வெப்பம் தாங்கும் பிசின் விலை கூடியது என்பதால், மலிவு விளிம்புகளில் ஆபத்து மிகுதி. அன்று தேர்ந்த ஓட்டுநர்கள் மலைக்கு அலுமினியமே போதும் என்றதில் நியாயம் இருந்தது.

ஹப்பில் பொருத்தும் வட்டத்தட்டுப் பிரேக்குகளைச் சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் சாலைப் பந்தயங்களுக்கு 2018 சூலையில் முழுமையாக அனுமதித்தது. அதன்பின் புதிய பந்தய மிதிவண்டிகள் விரைவாக அதற்கு மாறின. விளிம்பில் உரசலும் இல்லை, வெப்பமும் இல்லை. மலிவுச் சக்கரத்தின் மிகக் கொடிய குறை அதனால் நீங்கியது.

இன்றைய மதிப்பீடு

எஞ்சியுள்ள கவலைகளில் ஒன்று கொக்கியில்லா விளிம்பு. டயரைப் பிடிக்கும் உள்வளைவு இல்லாத இவ்விளிம்புகளைச் செய்வது எளிது. ஆனால் காற்றழுத்தம் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ, தாண்டக்கூடாது. டயரும் பொருந்தும் வகையாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகப் பந்தயத்தில் தோமஸ் டி கெண்ட் விழுந்தபோது டயர் இத்தகைய விளிம்பிலிருந்து கழன்றது. அந்தச் சக்கரம் மலிவானதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். 100 பிஎஸ்ஐ அடித்துப் பழகியவர் கொக்கியுள்ள விளிம்பையே வாங்குவது நல்லது.

பயனையும் அளந்து பார்க்க வேண்டும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆழமான விளிம்பு தரும் சேமிப்பில் எட்டில் ஒரு பங்குதான் 20 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும். எடை 300 கிராம் குறைந்தால், ஒரு மணி நேர மலையேற்றத்தில் மிச்சம் சுமார் 13 வினாடி. கல்லூரிக்கு ஓட்டிச் செல்லும் மாணவருக்கு நல்ல டயர் தரும் பயனைக்கூட இச்சக்கரம் தராது.

பந்தயத்துக்கோ நீண்ட பயணத்துக்கோ ஓட்டுபவர், தட்டுப் பிரேக் வண்டி வைத்திருந்தால், தன் பெயரிலேயே விற்கும் தொழிலகத்தின் சக்கரத்தை வாங்கலாம். தாங்கும் எடை, அழுத்த வரம்பு, உத்தரவாதம் ஆகியவற்றை அத்தொழிலகம் எழுத்தில் தர வேண்டும். புகழ்பெற்ற பெயரை ஒட்டி ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு வருவது போலி. அதை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. கடையில் எளிதில் கிடைக்கும் கம்பியும் பேரிங்கும் உள்ளதா என்பதும் முக்கியம். ஒரு கம்பி அறுந்தால் சியாமெனிலிருந்து வரும்வரை வண்டி சுவரில் சாய்ந்திருக்கும். வந்த சக்கரத்தை உடனே மாட்டாமல், கோட்டம் எடுக்கத் தெரிந்த தொழிலாளியிடம் காட்ட வேண்டும். ஒரே பக்கக் கம்பிகளை நகத்தால் சுண்டினால் ஏறக்குறைய ஒரே சுருதி எழ வேண்டும். மாறி மாறி ஒலித்தால் இறுக்கம் சீராக இல்லை. விளிம்பில் பிரேக் பிடிக்கும் பழைய வண்டி வைத்திருப்பவர், குறிப்பாக மலைச்சாலையில் இறங்குபவர், இன்றும் அலுமினிய விளிம்பையே வைத்துக்கொள்ளலாம்.